என்னைவிட நல்லவள்

மார்ச் 3
கொரியர்காரன் என்று ஒருவன் போன் செய்தான். லைனிங் துணி வந்திருக்கிறதாம், போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொன்னால்தான் தருவானாம். வாயில் குண்டூசி. அதைத் துப்பிவிட்டு எண்ணை ஒப்பித்தேன் – அவ்வளவு அவசரம் எனக்கு! பார்சல் வரவில்லை.

மார்ச் 4
வாட்ஸ்அப் திறக்க மாட்டேன் என்கிறது. மதியம் டீச்சரம்மா கடைக்கே வந்துவிட்டார். "அவசரம்னு அட்வான்ஸ் கேட்டீங்களே, வந்துச்சா?" எவனோ என் பெயரில், என் படத்தை வைத்துக்கொண்டு, என் வாடிக்கையாளர்களிடமே கை நீட்டுகிறான். தையல் மெஷினோடு மல்லுக்கட்டிச் சம்பாதிச்ச பேருடா அது, பாவி! இனி யார் என் கடைப் படி ஏறுவார்கள்?

மார்ச் 5
சைபர் போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. ஓடிபியை யாராவது சொல்வார்களா என்று வீட்டுக்காரர் வழியெல்லாம் கேட்டார். அவருடைய பாஸ்வேர்டு எல்லாமே அவர் பிறந்த தேதி. பேச வந்துவிட்டார்.

சாயங்காலம் அவர் போனில் நாத்தனார். என்னோடு பேசி இரண்டு வருஷமாகிறது. பழைய அளவிலேயே அவளுக்குக் கவுன் தைத்துவிட்டேன், கை நுழையவில்லை. என் அளவு சரி, உன் கைதான் பெருத்துவிட்டது என்றேன். அதோடு சரி.

"அண்ணி, உங்க பேர்ல எவனோ பணம் கேக்கறான். சொந்தக்காரங்க, உங்க கஸ்டமருங்க, தெரிஞ்சவங்க எல்லாருக்கும் சொல்லிட்டேன்."

எப்படிக் கண்டுபிடித்தாளாம்?

"என்னைக் கண்ணுன்னு கூப்பிட்டான். நீங்க என்னைக்கு அப்படிக் கூப்பிட்டிருக்கீங்க?"

வைத்துவிட்டாள். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மார்ச் 9
வாட்ஸ்அப் திரும்பக் கிடைத்துவிட்டது. ரகசிய எண் போட்டிருக்கிறேன். யாருக்கும் சொல்லப்போவதில்லை, வீட்டுக்காரருக்கு நிச்சயமாக இல்லை. டீச்சரம்மாவுக்குக் கூலி வாங்காமல் தைத்துக் கொடுத்தேன். அவர் கூடவே இன்னொரு டீச்சரையும் கூட்டி வந்திருந்தார். அப்பாடா.

மார்ச் 10
நாத்தனாருக்கு மெசேஜ் போட்டேன்: "ரொம்ப நன்றி கண்ணு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா."

பதில்: "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? போலீஸ்ல சொல்லிடுவேன்."

நிஜமாகவே நான்தான் என்றேன். நம்பவில்லை. வேறு வழி? "ஏய், கை பெருத்தது உன் தப்பு, என் கத்திரிக்கோல் தப்பு இல்ல" என்று அனுப்பினேன்.

"அண்ணியேதான். வர்றேன். அந்தக் கவுனையும் எடுத்துட்டு வர்றேன்."

கொண்டுவரட்டும். பின்னால் பிரித்துப் பெரிதாக்குவதற்கு அந்தக் கையில் ஓர் அங்குலம் துணியை உள்ளே விட்டுத்தான் தைத்தேன். கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன்.