சிவப்பு என்றாள்

26-12-1974, வியாழன்.

தெருவில் பாதி வீடுகளில் தட்டம்மை. எங்கள் வாசலிலும் பத்து நாளாக வேப்பிலை. வெளியே போக முடியாத வசந்திக்குப் பொழுது போகட்டும் என்று அவள் அம்மா சரோஜா கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுத்தாள். பன்னிரண்டு வயது விரல்கள் அதற்குள் பழகிவிட்டன. வாயும் ஓய்வதில்லை.

பிற்பகல் சிவப்பு நூல் தீர்ந்தது. பச்சை உருண்டையை எடுத்துக் கொடுத்தேன். முனையை முடிந்துகொண்டு பின்னியவள், "இன்னும் எவ்ளோ சிவப்பு இருக்குதுப்பா? கம்மியா இருந்தா அரைக்கைதான். அதைப் போட்டுக்கினுதான் நீங்க கோர்ட்டுக்குப் போவணும்" என்று சிரித்தாள். விரல்களில் ஓடிக்கொண்டிருந்தது பச்சை நூல். ஜன்னல் வெளிச்சம் அவள் மடியிலேயே விழுந்திருந்தது. பார்வை என் முகத்தைவிட்டுச் சற்று விலகி நின்றது.

இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் தெளிவாகியிருக்கும். கேட்கத் துணியவில்லை. கண்ணை டாக்டரிடம் காட்டலாம் என்று மட்டும் சரோஜாவிடம் சொன்னேன்.

"அம்மைக்கு மூணாவது தண்ணி ஊத்தாம வாசப்படி தாண்டக் கூடாதுங்க. கண்ணு கூசுது, அவ்ளோதான். சிரிச்சிக்கினுதானே இருக்கா?"

ஒரே ஒரு வார்த்தையைக் கொண்டு முடிவுக்கு வருவது முறையல்ல என்று நானும் இருந்துவிட்டேன். கண் டாக்டர் ஐந்து மணிக்கு மேல் பார்ப்பதில்லை.

காலையில் ஜட்கா வரச் சொல்லியிருக்கிறேன். சரோஜாவுக்கு இன்னும் காரணம் தெரியாது. எப்போது கவனித்தீர்கள் என்று டாக்டர் கேட்பார். நேற்று என்று சொல்லிவிடுவேன். நேற்றே ஏன் வரவில்லை என்று கேட்டால்...