உன் அலமாரியில் கிட்டார்

வீட்டுக்காரிக்கு,

நலம். நீ அக்கா வீட்டுக்குப் போன மறுவாரமே நீ கேட்டிருந்த கிட்டார் வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். அதற்குள் பெட்டியைப் பிரித்துவிட்டேன்.

தந்திகள் எக்கச்சக்க உயரத்தில் இருந்தன. அழுத்திப் பார்த்ததில் விரல் கன்றிப்போயிற்று. கடைக்கு எடுத்துப்போனேன். ரிப்பேர்க்காரர் கிட்டாரின் கழுத்துக்குள் ஓடும் கம்பியைச் சாவி போட்டுத் திருகினார். தந்திகளைத் தாங்கும் வெள்ளைப் பட்டையைக் கழற்றி அடியில் தேய்த்துக் குறைத்தார். உயரம் சரியாயிற்று.

“ஜன்னலோரமா வச்சிருந்தீங்களா? மரம் சார், வெயில் பட்டா வளைஞ்சிரும்” என்று என்னைக் கடிந்துகொண்டார்.

இப்போது உறைக்குள் போட்டு உன் அலமாரியில் வைத்திருக்கிறேன். அங்கேதான் இடம் தாராளமாக இருக்கிறது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைக்க வேண்டுமாம். யாரும் வாசிக்கவில்லை; ஆனாலும் துடைக்கிறேன்.

அன்று கடையிலிருந்து கிளம்பும்போது, “யார் சார் வாசிக்கிறது?” என்றார் ரிப்பேர்க்காரர்.

“வீட்ல.”

“தினமும் வாசிப்பாங்கன்னா சுருதியிலயே விடுங்க. ரொம்ப நாள் தொடமாட்டாங்கன்னா தந்தியைக் கொஞ்சம் தளர்த்திடுங்க. சும்மாவே இழுத்துக்கிட்டு இருந்தா கழுத்துக்கு நல்லதில்ல. எப்படி சார்?”

கேட்டுச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

நீ கிளம்பிய அன்றைக்கு நாம் பேசியதெல்லாம் இதில் வேண்டாம். அக்காவிடமும் கலந்து பேச வேண்டாம். தளர்த்தட்டுமா, சுருதியிலேயே விடட்டுமா என்பதை மட்டும் எழுது.

அதுவரை தினமும் காலையில், போனில் பார்த்துப் பார்த்து, சுருதி சேர்த்தே வைக்கிறேன். இன்று மூன்றாவது தந்தி லேசாக இறங்கியிருந்தது. ஏற்றிவிட்டேன்.

இப்படிக்கு,
வீட்டில் இருப்பவன்