ஜெபத்தில் நீங்கள் நின்ற இடம்

அக்கா,

இன்று காலை மூக்குக் கண்ணாடியைச் சரிபார்க்க மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக்குப் போயிருந்தேன். பழைய சரக்குக் கோடவுன் ஒன்றின் வாசலில் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டை தொப்பென்று விழுந்து, சுக்குத் தூள் பறந்து வந்து என் மூக்கில் ஏறியது. அடுத்தடுத்து நாலு தும்மல். ஐந்தாவதாகத் தும்மல் வரவில்லை, சிரிப்பு வந்தது. மூட்டை இறக்குகிறவர் வேலையை விட்டுவிட்டு என்னையே பார்த்தார். எத்தனை சோப்பு போட்டாலும் உங்கள் சேலையை விட்டுப் போகாத வாசனை அது என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிய வேகத்தில் எழுத உட்கார்ந்துவிட்டேன். சாயா பக்கத்தில் ஆறிக்கொண்டிருக்கிறது. நீங்கள் போய்ப் பதினோரு வருடமாகிறது. இதுவரை உங்களுக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. வருத்தத்தால் அல்ல. உங்களை நினைத்தால் எனக்கு ஒரே குதூகலம்தான் வருகிறது. அதை எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இன்று தெரிந்துவிட்டது, அப்படியே எழுதவேண்டியதுதான்.

எழுபதுகளின் கடைசி அது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து, மட்டாஞ்சேரியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மலையாள ஆராதனை முடிந்தபின் அதே கோயிலைத் தமிழ்ச் சபைக்குத் தருவார்கள். துறைமுகத் தொழிலாளிகள், படகில் வேலை செய்பவர்கள், ஓட்டல்காரர்கள் என்று நாற்பது குடும்பம் இருந்தோம். அந்தச் சபையில் ஞாயிறு பள்ளி, பாடல் குழு, பண்டிகைக் கமிட்டி எல்லாம் நான்தான். விளக்குமாறு எங்கே என்றாலும் என்னிடம்தான் கேட்பார்கள். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் கோடவுனில் சுக்கு தரம் பிரிக்கும் வேலையில் இருந்தீர்கள். என்னைவிட இரண்டே வயது மூப்பு. முருகன் படம் மாட்டிய வீட்டில் பிறந்து, எறணாகுளம் போகும் படகில் கயிறு கட்டுகிறவரைக் கல்யாணம் செய்து, ஞானஸ்நானம் பெற்றவர். ஆனால் திடப்படுத்தல் ஆகவில்லை. பேராயர் தலைமேல் கைவைத்து ஜெபித்தால்தான் திருவிருந்துக்கு முன்னே போகலாம் என்பது எங்கள் சபை முறை. அதனால் அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுக்காரர் எழுந்து போவார். நீங்கள் பெஞ்சில் அவருடைய குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பன்னிரண்டு வருடம் அப்படி இருந்திருக்கிறீர்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை பேராயர் வருவார். அந்த முறை அவர் வருகிறார் என்றதும், திடப்படுத்தல் வகுப்பு எடுத்த என்னிடம் வந்து நின்றீர்கள்.

"ஒரே ஒரு தடவ அவரு பக்கத்துல முட்டி போடணும் டீச்சரே."

எட்டுப் பள்ளிப் பிள்ளைகளோடு ஒன்பதாவதாக அந்தக் குட்டி பெஞ்சில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தீர்கள். என் கற்பித்தல் முறை உங்களுக்குத் தெரியும், எதற்கும் உதாரணம் வேண்டும். கிருபை என்றால் என்ன என்பதற்கு ரேஷன் கடை வரிசையை வைத்து அரைமணி நேரம் விளக்கினேன். முடிந்ததும் என்ன புரிந்தது என்று உங்களைக் கேட்டேன். "உதாரணம் நல்லா புரிஞ்சுது டீச்சரே. இனி எந்தக் கடைன்னு சொன்னா போதும், நாளைக்கே போயிருவேன்" என்றீர்கள். பிள்ளைகள் பெஞ்சை விட்டு விழுந்து சிரித்தார்கள்.

பத்துக் கட்டளைகளைச் சொன்னீர்கள். விசுவாசப் பிரமாணத்தை மூச்சு விடாமல் சொன்னீர்கள். கொச்சியிலேயே படித்த உங்களுக்குத் தமிழ் எழுத்து வராது என்பதால் எல்லாவற்றையும் மலையாள எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆனால் எல்லாவற்றிலும் எளிதான பரமண்டல ஜெபத்தில், மூன்று வயதுப் பிள்ளை சொல்லும் ஜெபத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நின்றுவிடுவீர்கள். எங்கள் குற்றங்களை மன்னியும் என்று கேட்பதற்கு முன்னால், எங்களுக்கு விரோதமாகக் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல என்று சொல்ல வேண்டிய இடம். அங்கே வாய் மூடிவிடும்.

நான் விடுவேனா? ராகம் போட்டுப் பார்த்தேன். விரல் விட்டு எண்ண வைத்தேன். பிள்ளைகளை விட்டு முதல் சொல்லை எடுத்துக் கொடுக்கச் சொன்னேன்; அவர்கள் கோரஸாகக் கத்துவார்கள், நீங்கள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவீர்கள்.

"தெரியும் டீச்சரே."

"தெரிஞ்சா சொல்லுங்க அக்கா."

"இப்போ சொல்ல முடியல."

என் நோட்டில் உங்கள் பெயருக்கு எதிரே 'மறதி' என்று எழுதிவைத்தேன்.

சனிக்கிழமை பட்டியலைப் போதகரிடம் கொடுக்க வேண்டும். அவர் எறணாகுளத்தில் இருந்தார். மனப்பாடம் முழுமையாகச் சொல்லாதவர் பெயர் பட்டியலில் வரக்கூடாது என்பது விதி. அந்த விதியைக் கமிட்டியில் எழுதி நிறைவேற்றியதே நான்தான். எட்டுப் பெயரோடு தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மத்தியானப் படகில் ஏறினேன். படகு கிளம்பப் போகிற நேரத்தில், அரைநாள் வேலை முடிந்து, புருவமெல்லாம் வெள்ளைத் தூளோடு நீங்கள் ஓடிவந்து ஏறினீர்கள். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த உங்கள் வீட்டுக்காரர்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என் பேரு இருக்கா டீச்சரே?" என்று கேட்டீர்கள்.

இல்லை என்றேன். அடுத்த முறை பார்க்கலாம், மூன்று வருடம் ஓடிப்போகும் என்று ஆறுதல் சொன்னேன். அதற்கும் ஓர் உதாரணம் தொடங்கினேன் என்று நினைக்கிறேன். நீங்கள் என் பையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு, படகு நடுக்காயல் வந்ததும், மெதுவாகச் சொன்னீர்கள்.

"எனக்கு மறதியில்ல டீச்சரே. தினமும் காலைல அடுப்பு பத்த வெக்கும்போது சொல்றதுதான். அந்த எடம் வந்தா உங்க மொகம் வருது."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போன வருடத்து அறுப்பின் பண்டிகையை நீங்கள்தான் ஞாபகப்படுத்தினீர்கள். விளைச்சலில் நல்லதைக் கொண்டுவந்து கோயிலில் படைக்கும் நாள். கொச்சியில் யாருக்கு வயல் இருக்கிறது? தேங்காய், கப்பைக்கிழங்கு, வாழைக்குலை, கோழி என்று கைக்குக் கிடைத்ததைக் கொண்டுவருவார்கள். நான் வாசலில் நின்று வாங்கி வைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் புதுத் துணியில் கட்டி, பால் வெள்ளையாகச் சுக்கு கொண்டுவந்திருந்தீர்கள். நான் முடிச்சை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும், "கோடவுன்ல கேட்டுட்டுத்தானே எடுத்தீங்க?" என்று கேட்டேனாம். கேட்டுவிட்டு அடுத்தவர் கையிலிருந்த தேங்காயை வாங்கப் போய்விட்டேனாம்.

போய்விட்டேன்தான். அன்று சாயங்காலமே மறந்தும் போனேன்.

"ஓணத்துக்கு மொதலாளி எல்லாருக்கும் குடுத்தது அது. வீட்டுல ஒரு துண்டுகூட எடுக்காம கொண்டாந்தேன். டெய்லி வேல கழிஞ்சு வெளிய வரும்போது கேட்டுல முந்தானைய உதறிக் காட்டணும் டீச்சரே. அது பழகிப்போச்சு. பள்ளியிலயும், நம்ம கோயில்லயும் உதறணும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

நீங்கள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விளக்கம்போலச் சொன்னீர்கள், எனக்கு ஒரு கணக்கைப் புரியவைப்பது மாதிரி.

"மன்னிச்சிட்டேன்னு சொல்லச் சொல்றீங்க. சபையில எல்லாரும் சொல்றாங்க, சொல்லிரலாம். பக்ஷே அவரு எதுர இருக்காரே. மொகத்தப் பாத்துப் பொய் எப்படிப் பறையிறது?"

அக்கா, அந்த ஜெபத்தை நான் பேச்சு வந்த நாளிலிருந்து சொல்லிவந்திருக்கிறேன். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, ஞாயிறுகளில் கூடுதலாக. ஆயிரக்கணக்கான முறை. ஒரு தடவைகூட எந்த வரியிலும் நின்றதில்லை. நிற்கத் தோன்றியதுகூட இல்லை, ஏனென்றால் மறுபக்கத்தில் யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்ற எண்ணமே இல்லாமல்தான் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற சொல்லை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன், ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வேண்டி வந்தபோது நாக்கு மரக்கட்டையாகிவிட்டது. தப்பு அக்கா, நான் செய்தது பெரிய தப்பு என்று எப்படியோ சொல்லி முடித்தேன். சாரமில்லை, பரவாயில்லை என்று நீங்கள் சொல்வீர்கள் என்று எதிர்பார்த்தேன். எல்லோரும் அப்படித்தானே சொல்வார்கள்? நீங்கள் சொல்லவில்லை.

"பொறுங்க. அவருகிட்ட கேக்கறேன்" என்றீர்கள்.

நான் கயிறு பிடித்து நின்றவரைத் திரும்பிப் பார்த்தேன். "அவரில்ல டீச்சரே" என்று சொல்லிவிட்டு, நீங்கள் காயலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தீர்கள். கண்ணை மூடவில்லை, முக்காடு போடவில்லை. பக்கத்து வீட்டு அண்ணனிடம் பேசுவதுபோல ஆரம்பித்தீர்கள்.

"கேட்டீங்களா? ஒரு வருஷமா உங்ககிட்ட சொல்லிச் சொல்லி அழுது கரஞ்சேனே, அந்த டீச்சர்தான். இப்போ என் கையப் பிடிச்சிட்டு அழறாங்க. நான் என்ன செய்ய? ... சரி. விட்டாச்சு. நாளைக்குத் திரும்பவும் வலிச்சா உங்ககிட்டதான் வருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

பிறகு என் பக்கம் திரும்பி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, பரமண்டல ஜெபத்தை முதலிலிருந்து தொடங்கினீர்கள். அந்த வரி வந்தது. என்னை நேராகப் பார்த்தபடி அதைச் சொல்லி, நிற்காமல் கடந்து, கடைசிவரை போய்விட்டீர்கள். எதிரே மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த மலையாளி அம்மா, என்ன ஏதென்று தெரியாமலே, சத்தமாக ஆமேன் போட்டார். உங்கள் வீட்டுக்காரர் வாயைப் பிளந்து நின்றதில் படகு துறைமேடையில் இடித்தது. கயிற்றைப் போடப்பா என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள்.

என்னிடம் பேனா இல்லை. காலேஜ் பெண் ஒருத்தியிடம் கெஞ்சி வாங்கி, தொடைமேல் தாளை வைத்து, ஒன்பதாவது பெயரை எழுதினேன். குறிப்பு என்ற கட்டத்தில் எட்டுப் பேருக்கும் 'நன்றாகச் சொல்கிறார்' என்று எழுதியிருந்தேன். உங்களுக்கு அது பொருந்தவில்லை. 'பேசுகிறார்' என்று எழுதினேன். போதகர் அதைப் படித்துவிட்டு யாரிடம் என்று கேட்டார். ஆண்டவரிடம்தான் ஐயா, வேறு யாரிடம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தாலும், பட்டியலில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த ஞாயிறு கொட்டிய மழையில் பேராயர் வந்தார். உங்கள் தலைமேல் கை வைத்தார். திருவிருந்து நேரத்தில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் சேர்ந்து எழுந்து போனீர்கள், தோளும் தோளும் இடிக்க முட்டி போட்டீர்கள். சொட்டச் சொட்ட நனைந்த குடை பெஞ்சில் அநாதையாகக் கிடந்தது. நான் போய் எடுத்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு நான் முன்னே போகவில்லை. போகத் தோன்றவில்லை, உங்களைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே வயிறு நிறைந்தது.

அதன்பிறகு எண்பதுகள் முழுவதும் உங்கள் வீட்டு அடுக்களைதான் எனக்கு வகுப்பறை. இல்லை, அப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள். நாம் கப்பை தோலுரித்துக்கொண்டு வம்பு பேசியதுதான் அதிகம். ஒருநாள், எனக்கு என் சொந்த வார்த்தையில் ஜெபிக்கவே வரவில்லை, என்ன பேசுவதென்றே தெரியவில்லை என்று உங்களிடம் குறைப்பட்டேன். "அதத்தான் சொல்லுங்களேன், தெரியலன்னு" என்றீர்கள். அன்றிரவு அதையே சொன்னேன். என் வாழ்க்கையில் நான் செய்த முதல் ஜெபம் அது என்று நினைக்கிறேன்.

இன்னொரு நாள், உற்சாகம் தலைக்கேறி, இனி ஜெபப்புத்தகமே வேண்டாம், பட்டியலும் விதியும் வேண்டாம் என்று சொன்னேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "கயிறு வேணும் டீச்சரே. கயிறில்லாட்டி அந்த மனுஷன் படக எங்க கட்டுவாரு? பின்னே, கயித்து மேல உக்காந்து எறணாகுளம் போயிரலாம்னு நெனச்சாத்தான் கொழப்பம்." என் ஆசிரியர் வாழ்க்கையில் இப்படி ஓர் உதாரணம் எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை.

என் வகுப்பு வருகைப் பதிவேட்டை இப்போது நினைத்துக்கொள்கிறேன். ஒருநாளும் தவறாமல் வந்த பெண்ணொருத்தி இருந்தாள்; வருட முடிவில் அவள் குரல் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியவில்லை. ஆண்டவரிடம் நான் வெகுகாலம் அந்தப் பெண்ணாகத்தான் இருந்தேன். பதிவேடு பொய் இல்லை, நான் வந்துகொண்டுதான் இருந்தேன். வாயைத் திறந்ததுதான் இல்லை.

இப்போதைய கதையைச் சொல்லி முடிக்கிறேன். எங்கள் புதுப் போதகர் சின்ன வயது, நல்ல பிள்ளை. சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் மகளைத் தனியே அழைத்துப் பேசியிருக்கிறார். டீச்சருக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்திருக்கிறது போல, பரமண்டல ஜெபத்தில்கூட நடுவில் நின்றுவிடுகிறார்கள், டாக்டரிடம் காட்டுங்கள் என்று. மகள் பதறிக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாகிவிட்டது.

மூன்று மாதமாகவே அந்த வரியில் நிற்கிறேன், அக்கா. என் தங்கையின் முகம் வருகிறது. என் வீட்டுக்காரர் இறந்தபோது அவள் வரவில்லை. நாலு வருடமாக அவள் கூப்பிட்டாலும் நான் போனை எடுக்கவில்லை. வலி போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் நேற்று ராத்திரி ஆண்டவரிடம் வெகுநேரம் வாதாடிப் பார்த்தேன், என் பக்கத்து நியாயத்தையெல்லாம் உதாரணங்களோடு எடுத்து வைத்தேன். ஜெயிக்க முடியவில்லை.

துணிப்பை கட்டியாகிவிட்டது. நாகர்கோவில் ரயில் நாளைக் காலையில். அவளுக்குச் சொல்லவில்லை, கதவைத் திறக்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும். ஐம்பது வருடம் வகுப்பெடுத்த வாய், என்ன பேசுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே தொடங்கப் போகிறேன்.

உங்கள்
டீச்சர்