முன் இருக்கையில் மண்மூட்டை

படகில் எனக்கு முன்னால் இருந்த என் ஆசை மச்சாள் றெஜினாவுக்கு,

இன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து, சீலைகூட மாற்றாமல் குசினிக்குள் இருந்து எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழையாக எழுதினால் நீர் முதலில் சிரிப்பீர், பிறகு திருத்தித் தருவீர். இப்போது சிரிக்கவும் நீர் இல்லை, திருத்தவும் நீர் இல்லை. ஆனபடியால் பிழையோடேயே வாசியும்.

இந்த வருசம் போனவர்களைப் பற்றி வீட்டுக்காரர் எழுதித் தந்தால் கோயில் மலரில் போடுவதாகச் சொன்னார்கள். மற்றவர்கள் ஆழ்ந்த துயரம், ஆறாத துயரம் என்று எழுதுவார்கள். எனக்கும் துயரம்தான். ஆனால் நீர் அதையா கேட்பீர்? "மச்சாள், இந்தக் கிழமை பயிற்சி எப்பிடி?" என்றுதான் கேட்பீர். அதைத்தான் எழுதப் போகிறேன்.

மலரை வாசிக்கிற மற்றவர்களுக்கு ஒரு விளக்கம். நான் கலியாணம் கட்டாமல் தம்பி அன்ரன் வீட்டோடு இருந்து கருவாடு போடுகிறவள். றெஜினா அன்ரனின் மனுசி. எனக்குச் சீனி வருத்தம் என்று டொக்டர் நடக்கச் சொன்னார். தனியாக நடக்க எனக்கு வெட்கம். மச்சாள் துணைக்கு வந்தா. நடை ஓட்டமாகியது. ஓட்டத்தோடு சைக்கிள் சேர்ந்தது. பிறகு விளையாட்டுக் கழகத்தில் இருந்து கயாக் என்கிற சின்னப் படகு ஒன்றையும் இரவல் வாங்கிக்கொண்டு வந்து எங்கள் கரையில் கட்டினா. ஓடி, சைக்கிள் மிதித்து, படகு வலித்து, அவர்கள் தருகிற வரைபடத்தைப் பார்த்து இடங்களைக் கண்டுபிடித்து, திரும்பவும் எங்கள் ஊர்காவற்றுறைக்கே வந்து சேரவேண்டிய ஒரு போட்டி இருக்கிறது. தனியாக விடமாட்டார்கள், சோடியாகத்தான் போகவேண்டும். எங்கள் இரண்டு பேரின் பேரையும் கொடுத்தது றெஜினா. அதற்குப் பிறகு மாரி வந்தது. டெங்குக் காய்ச்சலும் வந்து, மச்சாளைக் கொண்டுபோய்விட்டது.

போட்டி வருகிற சனிக்கிழமை, மச்சாள்.

போன திங்கள் கழகத்துப் பொறுப்பாளர் போன் எடுத்தார். "அக்கா, சனிக்கிழமை பின்னேரத்துக்குள்ளை சோடியின்ரை பேர் தரவேணும். இல்லாட்டி உங்கடை பேரையும் வெட்டவேண்டி வரும். யாழ்ப்பாணத்திலை ஒரு பிள்ளை சோடி தேடுறா. நல்லா ஓடுவா. எழுதட்டோ?"

"பொறுங்கோ தம்பி. எனக்கு ஒராள் இருக்கு."

"ஆர் அக்கா?"

"அந்த ஆளுக்கு இன்னும் தெரியாது."

உமக்கு விளங்கியிருக்கும். அன்ரனைத்தான் நினைத்துச் சொன்னேன். உம்மைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த நாளிலிருந்து அவன் கடலுக்குப் போகவில்லை. அவனுடைய தோணி கரையில் கவிழ்ந்தபடி கிடக்கிறது. அதற்குக் கீழே எங்கள் கோழி முட்டையிடுகிறது. வலையை எலி வெட்டிவிட்டது, அதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான். என்னுடைய கருவாட்டில் வீடு ஓடும், அது எனக்குப் பயமில்லை. கடல்காரன் ஒருவன் கடலுக்கு முதுகு காட்டிக்கொண்டு கதிரையில் இருக்கிறானே, அதுதான் எனக்குப் பயம். அழுதாலும் பரவாயில்லை. அவன் அழவும் இல்லை, மச்சாள்.

அன்று இரவுச் சாப்பாட்டில் கேட்டேன். கோப்பையைப் பார்த்தபடியே சொன்னான்:

"என்ரை மனுசி செத்து ஆண்டு திரும்பேல்லை. நான் விளையாட்டுக்குப் போறதோ? சனம் என்ன சொல்லும்?"

"சனம் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்குது."

அது உண்மை. அடுத்த வளவுத் திரேசக்காவை உமக்குத் தெரியும்தானே. அடுத்த நாள் விடியவே நான் சப்பாத்துப் போட்டுக்கொண்டு படலையைத் திறக்க, அவ வேலிக்கு மேலால் தலையை நீட்டினா.

"எடி பிலோமினா! தவக்காலம். செத்தவீட்டுக்காரி. கறுப்புச் சீலை கட்டவேண்டியவள் கால்சட்டையோடை ஓடுறாய்!"

"அதுவும் கறுப்புத்தானே அக்கா," என்று சொல்லிவிட்டு ஓடினேன். நீர் கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பீர்.

ஓட்டத்தில் என் பழைய பிழை இன்னும் போகவில்லை. காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்துத்தான் ஓடுகிறேன். இரண்டாவது சோடிச் சப்பாத்தும் முன்பக்கம் தேய்ந்துவிட்டது. என்ன செய்வது? நடக்கப் பழகின நாளிலிருந்து முழங்கால் தண்ணீரில் காலை இழுத்து இழுத்து நடந்தவள் நான். தூக்கி வைத்தால் மணலுக்குள் கிடக்கிற திருக்கை மீனை மிதித்து, அதன் முள்ளில் குத்துப்பட வேண்டிவரும். இழுத்து நடந்தால் அது விலகிப் போய்விடும். நீர் பின்னால் வந்து கத்துவீரே, "மச்சாள், தார் றோட்டிலை திருக்கை கிடக்குதோ? காலைத் தூக்குங்கோ!" என்று. இப்போது அதைச் சொல்ல ஆளில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் நீர் சொன்னபோது எரிச்சல் வந்து காலைத் தூக்கினேன். நான் சொன்னால் எனக்கு எரிச்சல் வருவதில்லை.

சைக்கிள் நல்லாய்ப் போகிறது. சரவணையால் போய், வேலணையைத் தாண்டி, கடலுக்கு நடுவாலே போகிற அந்தத் தாம்போதியில் புங்குடுதீவுப் பக்கம் மிதித்தேன். பக்கக் காற்று என்னைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. முன்பு நீர் காற்றுப் பக்கமாக வருவீர், நான் உமக்கு மறைவில் வருவேன். இப்போது முழுக் காற்றும் எனக்குத்தான். அதற்கும் விழவில்லை. இறுப்பிட்டிக் கடையடியில் இறங்கிப் பனங்கட்டியைக் கடித்துத் தண்ணீர் குடித்தேன். கழகத்துப் பிள்ளைகள் பளபளக்கிற தாளில் சுற்றின என்னவோ எல்லாம் தின்னுகிறார்கள். எனக்குப் பனங்கட்டி போதும். சீனி வருத்தக்காரி பனங்கட்டி தின்னலாமோ என்று நீர் கேட்பது கேட்கிறது. ஒரு சின்னத் துண்டுதான்.

படமும் பழகுகிறேன். முன்பு நீர் படத்தைப் பார்ப்பீர், நான் உம்மைப் பார்ப்பேன். இப்போது நானே விரலை வைத்து ஊர் ஊராக எழுத்துக்கூட்டுகிறேன். மெதுவாகத்தான். ஆனால் பிழைவிடுவது குறைவு.

கரைச்சல் கயாக்கில்தான் வந்தது. அது இரண்டு பேருக்குச் செய்த படகு. புதன்கிழமை நான் தனியே பின்னால் இருந்து வலித்தேன். முன்னுக்குப் பாரம் இல்லை. மூக்கு மேலே கிளம்பிவிட்டது, காற்று அதைப் பிடித்துத் திருப்பியது. நான் வலிக்க வலிக்கப் படகு ஒரே இடத்தில் சுற்றியது. கரையில் நின்ற திரேசக்கா, "எடியே, உதென்ன, கோயில் சுத்துறியோ?" என்று கேட்டா. தவக்காலம் என்றபடியால் நான் பதிலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த நாள் ஓர் உரப்பையைக் கொண்டுபோய் உம்முடைய இருக்கையில் வைத்து, சட்டியால் கடற்கரை மண்ணை அள்ளி அள்ளி நிரப்பினேன். வாயைக் கட்டினேன். பிறகு உம்முடைய நீலத் தொப்பியை எடுத்து அந்த மூட்டைக்கு மேலே போட்டேன். ஏன் போட்டேன்? எனக்கே தெரியாது. அலுமாரியைத் திறக்க அது முன்னுக்குக் கிடந்தது. எடுத்துக்கொண்டு போய்விட்டேன். படகு இப்போது சுற்றவில்லை. ஆனால் மூக்கு தாழ்ந்து, இழுக்க ஏலாமல் கனத்தது. அதையும் வலித்துக்கொண்டுதான் வந்தேன்.

வெள்ளி பின்னேரமும் அப்படியே இறங்கினேன். அன்று அன்ரன் கோழி முட்டை எடுக்கத் தோணியடிக்கு வந்திருக்கிறான். நான் அவனைக் காணவில்லை. அவன்தான் எங்களைக் கண்டான். வெயில் சாய்கிற நேரம். கடலில் எங்கள் கயாக். பின்னால் நான். முன்னால் நீலத் தொப்பியோடு ஓர் ஆள்.

"அக்கா!" என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்கிறேன், அவன் சாரத்தோடு தண்ணீருக்குள் வருகிறான். அந்த அவசரத்திலும் காலை இழுத்து இழுத்துத்தான் வருகிறான், திருக்கைப் பழக்கம். அவன் முகத்தைக் கண்டதும் நான் வலிப்பதை விட்டுவிட்டேன். கிட்ட வந்து, தொப்பியைத் தூக்கிப் பார்த்தான்.

"உனக்கு விசரோ அக்கா? என்னெண்டு நினைச்சாய்? என்ரை மனுசி மண்மூட்டையோ?"

"முன்னுக்குப் பாரம் வேணும் தம்பி. இல்லாட்டிச் சுத்துது."

அவன் என்னை அடிக்கப் போகிறான் என்றே நினைத்தேன். அடிக்கவில்லை. தொப்பியைச் சேட்டுக் கழுத்துக்குள் செருகிக்கொண்டு, படகு தண்ணீரில் எப்படி இருக்கிறது என்று முன்னும் பின்னும் பார்த்தான். எவ்வளவு நாளைக்குப் பிறகு அந்தப் பார்வை! தோணியில் வலை ஏற்றும்போது பார்ப்பானே, அதே பார்வை.

"கூடிப்போச்சு. அவள் உவ்வளவு பாரமில்லை."

மூட்டையின் வாயை அவிழ்த்தான். கைகளால் மண்ணை அள்ளித் தண்ணீருக்குள் விட்டான். மூட்டையை இரண்டு கையிலும் பிள்ளையைத் தூக்குவதுபோல ஏந்திப் பார்த்தான். இல்லை என்று தலையை ஆட்டினான். இன்னும் கொஞ்சம் விட்டான். திரும்பவும் ஏந்தினான்.

"இவ்வளவுதான் அக்கா அவள். அண்டைக்குக் காய்ச்சலோடை ஓட்டோவுக்குத் தூக்கிக்கொண்டு போனது நான்தானே."

அப்போதுதான் அழுதான், மச்சாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று, மூட்டையை இறக்காமல் அழுதான். நான் துடுப்பை மண்ணில் ஊன்றிப் படகைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு மூட்டையை மெதுவாக இருக்கையில் வைத்தான். வாயைக் கட்டினான். தொப்பியை எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான். "வலி பாப்பம்," என்று படகைத் தள்ளிவிட்டான். படகு ஊசி மாதிரி நேரே போனது. உமது பாரம் சரியாக இருந்தது. நான் வளைத்துக்கொண்டு திரும்பி வரும்வரை அவன் அதே இடத்தில் நின்றான்.

"இப்ப சரி," என்றான். "ஆனால் மண் வலிக்காது அக்கா."

"ஓம். மண் வலிக்காது."

படகைக் கரையில் ஏற்றினோம். அந்த மண்ணை அவன் தன் சைக்கிள் கரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு சேமக்காலைக்கு, உம்மிடம் கொண்டுவந்தான். இன்று காலை பூசைக்கு முன் நானும் வந்து பார்த்தேன். மேலே பரப்பி, கையால் தட்டி மட்டமாக்கி வைத்திருக்கிறான். நல்ல வெள்ளை மண். உமக்குப் பாரமாக இல்லைத்தானே?

நேற்றுச் சனிக்கிழமை விடிய நான் கதவைத் திறக்கிறேன், அவன் வாசலில் இருந்து பழைய சப்பாத்துக்குக் கயிறு கோர்த்துக்கொண்டிருக்கிறான். தலையில் உமது தொப்பி. படலையடியில் திரேசக்கா தயாராக நின்றா.

"அன்ரன்! நீயுமோடா? ஆண்டு திரும்பேல்லை!"

"அவள் பேர் குடுத்த போட்டி அக்கா. அவள் துவங்கின அலுவலை முடிக்கப் போறம். நீங்கள் கோழியைப் பாருங்கோ."

திரேசக்கா வாயை மூடினா. அதைக் காண நீர் இல்லையே என்று எனக்கு மனவருத்தம்.

கொஞ்சத் தூரம் ஓடினோம். எனக்கு ஒரே சறக் சறக்கென்று சத்தம் கேட்டது. என் காலைப் பார்த்தேன். பிறகு அவன் காலைப் பார்த்தேன். என்னைவிட மோசம்! றோட்டுப் புழுதி முழுவதையும் கூட்டிக்கொண்டு வருகிறான்.

"தம்பி," என்றேன். "தார் றோட்டிலை திருக்கை கிடக்குதோ?"

நின்றுவிட்டான். நான் பிழையாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்தேன். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தான். சிரிக்கிறான், மச்சாள். மூச்சு வாங்க வாங்கச் சிரிக்கிறான். இரண்டு பேரும் றோட்டோரத்தில் நின்று பயித்தியங்கள் போலச் சிரித்தோம். முதல் பஸ்ஸில் போன சனம் எட்டி எட்டிப் பார்த்தது.

ஓட்டம் முடிந்து படகுக்கு வந்தோம். நான் வழமைபோலப் பின்னால் ஏறப் போனேன். அவன் என் தோளைப் பிடித்தான். "எங்கை போறாய்? பாரம் கூடின ஆள்தான் பின்னுக்கு. நீ முன்னுக்கு ஏறு."

நான் அதை நினைக்கவே இல்லை. உமது இருக்கை. நின்றேன். அவன் படகைப் பிடித்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்தான். ஏறினேன்.

இவ்வளவு காலமும் எனக்கு முன்னால் உமது முதுகு இருந்தது. தோள் போகிற பக்கம் நானும் போவேன், அவ்வளவுதான் என் வேலை. இப்போது முன்னால் ஒருவரும் இல்லை. வெறும் தண்ணீர். நீர் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீரோ? ஒரு நாளும் சொல்லவில்லையே, இவ்வளவு வடிவென்று. இவ்வளவு பயமென்றும் சொல்லவில்லை.

முன்னுக்கு இருக்கிறவர்தான் துடுப்புக்குத் தாளம் சொல்லவேண்டும். நீர் மீன் பேர் சொல்லி வலிப்பீர். ஒவ்வொரு வலிப்புக்கும் ஒரு மீன். ஒரா, ஓட்டி, திரளி, நெத்தலி. அன்ரன் கரையில் நின்று பகிடி பண்ணுவான், "நெத்தலிக்கு ஏன் இவ்வளவு பெலன் குடுத்து வலிக்கிறீர்?" என்று. நீர் துடுப்பால் தண்ணீரை அள்ளி அவனுக்கு எறிவீர்.

நான் துடுப்பைத் தூக்கினேன். மெதுவாக, "ஒரா," என்றேன். துடுப்பைப் போட்டேன்.

பின்னாலிருந்து, "ஓட்டி," என்று கேட்டது.

"திரளி."

"நெத்தலி," என்றான். முழுப் பெலத்தையும் கொடுத்து வலித்தான்.

கரைக்கு வந்ததும் கழகத்துப் பொறுப்பாளருக்குப் போன் எடுத்தேன். நான் சொல்லத் தொடங்க முதலே அவன் போனை வாங்கி, "எழுதுங்கோ தம்பி. அன்ரன்," என்றான். போனைத் தந்துவிட்டு, கவிழ்ந்து கிடந்த தன் தோணியடிக்குப் போய், கோழியை விரட்டிவிட்டு, அடிப்பலகையைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

மச்சாள், வருகிற சனிக்கிழமை நாங்கள் முதலாவதாக வருவோம் என்று உமக்கு வாக்குத் தரமாட்டேன். இளம் பிள்ளைகள் பறப்பார்கள். ஆனால் முடிப்போம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முடித்துவிட்டு வேர்வையோடேயே, சப்பாத்தோடேயே இரண்டு பேரும் உம்மிடம் வருவோம். ஆண்டுப் பூசைக்கு உமது புருசன் தான் பிடித்த மீனோடு வீட்டுக்கு வருவான். படகில் நான் இருக்கும்வரை உம்முடைய நெத்தலியை விட்டுவிடமாட்டேன். ஒரு வலிப்பு அதற்கென்று இருக்கும். காலையும் தூக்கி ஓடப் பார்க்கிறேன்.

இப்படிக்கு,
இவ்வளவு நாளும் உமக்குப் பின்னால் இருந்து, இப்போது உமது இடத்தில் இருக்கிற
உம்முடைய மச்சாள்
பிலோமினா