இஸ்திரிப் பெட்டிப் பாட்டு எங்கே?

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் உயிரோடுதான் இருக்கிறோம், விசாரிக்காவிட்டாலும் சொல்லி வைக்கிறேன். நீயும் சளி, இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன், சோறு போடுகிற தொண்டை அல்லவா.

உன் ஆல்பம் வந்து சேர்ந்தது. மகாராணி பத்துப் பாட்டுப் பாடியிருக்கிறீர்கள், கேட்டேன். மழைக்கு இரண்டு, உன்னை விட்டுப் போன அந்த டிரம் அடிக்கிறவனுக்கு மூன்று, வீட்டுக்காரர் பூனைக்கு ஒன்று. பூனைக்குக்கூட இடம் இருக்கிறது, பெற்றவளுக்கு இல்லை. உன் அப்பா ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டோ ஆட்டென்று ஆட்டினார், எப்படி என்று கேட்டால் எல்லாம் ஒரே பாட்டு மாதிரி இருக்கே, நல்லா இருக்கு என்கிறார். முழங்கால் வலிக்கு டாக்டரிடம் போங்கள் என்றால் மட்டும் அவர் காதில் விழாது.

சரி, இஸ்திரிப் பெட்டிப் பாட்டு எங்கே? நீ கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று நான் துணி தேய்த்துக்கொண்டு நின்றதைப் பாடிப் போனில் அனுப்பினாயே, அதுதான். ஆமாம், குடும்ப மானத்தைக் கப்பலேற்றாதே, அதை ஆல்பத்தில் போட்டால் வீட்டு வாசலை மிதிக்காதே என்று கத்தினேன், இல்லை என்று சொல்லவில்லை. படிப்பை விடாதே என்றேன், விட்டாய். அந்த டிரம் அடிக்கிறவன் வேண்டாம் என்றேன், போனாய். முப்பத்தொரு வருடத்தில் என் பேச்சை ஒரே ஒரு தடவை கேட்டாய், அதுவும் பார்த்து இதற்கா கேட்க வேண்டும்? பாட்டையும் போடவில்லை, அதற்கப்புறம் வாசல் பக்கமும் வரவில்லை.

லாண்டரியில் என்னோடு பெட்ஷீட் மடிக்கிறவளுக்கு அந்தப் பாட்டை அப்போதே போட்டுக் காட்டினேன். யாரும் கேட்கக் கூடாது என்றது உனக்குத்தான், எனக்கு இல்லை. மடிப்பதை நிறுத்திவிட்டு, இன்னொரு தடவை போடுக்கா என்றாள். நீ எப்படியும் என்னை மீறுவாய் என்கிற நம்பிக்கையில், ஆல்பத்தில் வரும் என்று வேறு சொல்லித் தொலைத்தேன். இப்போது தினமும் கேட்கிறாள், நான் என்ன சொல்ல?

பாட்டில் ஒரு வரி மட்டும் தப்பு. அம்மா தலை நிமிரவே இல்லை என்று பாடியிருக்கிறாய். நீ தெருமுனை தாண்டும் வரை ஜன்னலில்தான் நின்றேன், உன் அப்பாவின் நல்ல சட்டை கருகியதே அப்போதுதான். திரும்பிப் பார்க்காமல் போனது நீ.

எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இரு. ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே. அந்த வரியைத் திருத்தியதும் முதலில் எனக்குத்தான் பாடிக் காட்ட வேண்டும், போனில் இல்லை, இங்கே வந்து.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்