மொட்டை மாடியில் ஒரு லுங்கி

1997 மார்ச் 7, வெள்ளி. ஷார்ஜா.

காலையிலிருந்து தூசிக் காற்று. துணி துவைக்கவில்லை. காற்று நல்ல சாக்கு.

மச்சான் மெட்ராஸிலிருந்து கொடுத்தனுப்பிய வீடியோ கேசட் வந்தது. நாங்கள் வாங்கப்போகும் ஃபிளாட். மூன்றாவது மாடி, அதற்கு மேல் வானம்தான். இங்கே வீடு வாங்குவது இப்படித்தான்: கல்யாண வீடியோ மாதிரி டி.வி.யில் போட்டு, ரூம்காரர்கள் தலையாட்டினால் முடிந்தது.

மொட்டை மாடியும் நமக்கே என்று பில்டர் வாய்வார்த்தை. அங்கே அறை கட்டி என் மனைவி செல்வி தையல் வகுப்பு நடத்துவாள். வகுப்பு ஓடினால் இந்த ஸ்டோர்கீப்பர் வேலைக்கு கலாஸ் சொல்லிவிட்டு நான் ஊருக்கு.

ரூமில் ஹவுஸ்ஃபுல். டீ என் செலவு. ஹால், சமையலறை, கழிப்பறை (மச்சான் அதைத்தான் ஆசையாகப் படம் பிடித்திருக்கிறான்). கடைசியில் மாடி. எழுந்துபோய்த் திரையைத் தொட்டு, "இது நம்மளுது" என்றேன். பக்கத்துக் கட்டில் ஹமீது டீயை உறிஞ்சிக்கொண்டே, "உங்களுதுன்னா, கொடியில காயிற லுங்கி யாருதுண்ணே?"

நானும் சேர்ந்து சிரித்தேன். கேசட்டை மட்டும் பின்னால் ஓட்டி லுங்கியை இன்னொரு தடவை பார்த்தேன்.

மார்ச் 8, சனி.

டூட்டியில் மனம் இல்லை. நாலு அங்குல பைப் கேட்டவனுக்கு ஆறு அங்குலம். மதியம் போன் பூத்.

"அந்த லுங்கிய நேர்ல போனப்ப நானும் பாத்தேங்க. விசாரிச்சுட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் பவர் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுறாதீங்க" என்றாள் செல்வி.

நான் படித்தவன். அவள் கெட்டி.

மார்ச் 11, செவ்வாய்.

செல்வி வக்கீலைப் பார்த்திருக்கிறாள். மாடி பொது. கீழே மூன்று வீட்டுக்கும் அப்படித்தான் பத்திரம் ஆகியிருக்கிறது. இனி எனக்கு மட்டும் தனியாக எழுதிக் கொடுத்தால் செல்லாது. மூன்று வீட்டாரும் எழுத்தில் சம்மதித்து, பிளானுக்கு அனுமதியும் கிடைத்தால் அறை கட்டலாம். பில்டரைக் கேட்டதற்கு, "மேல யாரு வரப்போறா மேடம்" என்றாராம். லுங்கிக்காரர் வருகிறாரே. முதல் மாடி, ரிட்டயர்டு தாசில்தார். போச்சு.

ஹமீது ஆறுதல்: "நடுமாடியாப் பாருங்கண்ணே. தலைக்கு மேல ஒருத்தன் இருந்தா வெயில் அவனுக்கு."

சாப்பாடு இறங்கவில்லை. (இரண்டு பரோட்டா இறங்கியது.)

மார்ச் 14, வெள்ளி.

காற்று நின்றுவிட்டது. பூத்தில் நீள வரிசை.

செல்வி மூன்று வீட்டுக்கும் போய்வந்துவிட்டாள். தாசில்தார், "பாதி மாடியை விடணும், அறைக்கு மேல ஏறவும் படி வைக்கணும்" என்று ஆரம்பித்தாராம். உள்ளேயிருந்து அவர் மனைவி: "நல்ல டெய்லர் கிடைக்காம நான் தெருத்தெருவா அலையறேன், நீங்க சும்மா இருங்க."

மூவரும் சம்மதம். வக்கீல் முன்னால் கையெழுத்தும் ஆயிற்று. பாதி மாடிக்கு அனுமதி கிடைத்துவிடும் என்கிறாராம் வக்கீல்.

"அப்ப பவர் அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க. பாதிதாங்க, பரவாயில்லையா?"

"போதும். இந்தத் தடவ லீவு கேக்கல செல்வி. அறை கட்டினதும் மொத்தமா வந்துடறேன்."

லைன் போய்விட்டதென்று ஹலோ ஹலோ என்றேன். பின்னால் வரிசையில், "பாய், யல்லா, ஜல்தி."

"இருக்கேங்க" என்றாள்.