நீ முன்னாடி போக்கா

ஜன. 21, புதன்
கடும் பனி. எதிர்வீடு தெரியவில்லை. குடை, சர்க்கரை மாத்திரை, எலுமிச்சம்பழம், மாற்றுப்புடவை. பையை நானே தூக்குவேன் என்றேன். தம்பி பிடுங்கிக்கொண்டான்.

ஆர்.கே.பேட்டை வரை பஸ். அங்கிருந்து நடை. ஆடிக் கிருத்திகைக்கு நைனா எங்கள் இருவரையும் கூட்டிப்போன அதே பாதை, எங்கள் ஊர் வழியாகத் திருத்தணிக்கு. யோசனை என்னுடையது. குளியலறையில் விழுந்ததிலிருந்து சுதாகர், வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னைக்கு வா என்கிறான். நடந்து காட்டுகிறேன், அப்புறம் அந்தப் பேச்சை எடுக்காதே என்றேன். பெற்ற பிள்ளையிடம் பரீட்சை.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் தம்பி, "நீ முன்னாடி போக்கா. நான் பின்னால வந்துகினு இருக்கேன்."

என் வீட்டுக்காரர் போன பிறகு யாரும் என்னை முன்னால் போகச் சொன்னதில்லை. யார் புறப்பட்டாலும் நானே ஒதுங்கி நின்றுவிடுவேன். அடுத்தவர் முகம் சுளிக்க இடம் கொடுப்பதில்லை. இன்று முன்னால் நடந்தேன். கான்வென்ட்டில் தலையில் புத்தகம் வைத்துப் பழக்கிய நடை. திரும்பிப் பார்க்கவில்லை. தம்பிக்கு இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று இருந்தது.

ஏரியில் பாதி பிளாட். கல் நட்டிருக்கிறார்கள். மீதியில் தண்ணீர், நாரைகள். கரும்பு ஏற்றுகிறவன் தம்பியிடம், "ஏன்யா, அம்மாவ நடக்கவுட்டு இட்டுனு போறே? ஆட்டோ கெடைக்கலியா?"

"சொன்னா என்னியே அடிக்கும்."

எனக்கும் சிரிப்பு. காட்டிக்கொள்ளவில்லை.

தங்கல் சித்தி மகள் வள்ளி வீட்டில். இடது பாதம் மரத்திருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை.

ஜன. 22, வியாழன்
பனி குறைவு. காபியில் சர்க்கரை. வேண்டாம் என்று எத்தனை முறை சொல்வது.

வள்ளிக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. நேற்று சாயங்காலம் தம்பி போனில் சுதாகரோடு பேசினானாம். "பின்னால நடந்தாதான் கால் எப்டி விழுதுன்னு தெரியும்னு அண்ணன் சொல்லிகினு இருந்தாருக்கா."

அதற்குத்தான் முன்னால் விட்டானா.

காபியைக் கீழே வைத்தேன். இன்றைக்கு நீ முன்னால் போ என்றேன் தம்பியிடம். போனான். பத்தடிக்கொரு முறை திரும்பிப் பார்த்தான். எரிச்சல்.

கிணற்று மேட்டைத் தாண்டியதும் ஓடி வந்தான். என் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே விட்டேன், தெரியாது. பாதத்தில் வேலமுள், ரத்தம். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தேடிப் போய் வரப்புச் சேற்றிலிருந்து செருப்பை எடுத்துவந்தான். முள்ளைப் பிடுங்கினான். அதுவும் தெரியவில்லை.

காலை மடியில் வைத்துக்கொண்டே கேட்டான், "சுதாகர் கேப்பான்க்கா. இன்னான்னு சொல்லட்டும்?"

"பார்த்ததைச் சொல்."

செருப்பை மாட்டிக்கொண்டு மலை வரை நடந்தேன். அடிவாரத்தில் போன். ஓரமாகப் போய்த்தான் பேசினான், கேட்டுவிட்டது. "நட கம்பீரமாத்தாம்பா இருக்குது. ஆனா கால்ல செருப்பு இல்லாதது அதுக்குத் தெரியல."

ஒரு வார்த்தை கூடுதலில்லை. கோபப்படவும் வழியில்லை. மேலே போகவில்லை. கீழே நின்றே கும்பிட்டேன்.

ஜன. 24, சனி
வெயில். கேஸ் மூடியாயிற்று. பால் நிறுத்தியாயிற்று. செம்பருத்திக்குத் தண்ணீர், எதிர்வீட்டில் சொல்லியாயிற்று. சாவி தம்பியிடம்.

கார் வாசலில். சுதாகர் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பி வந்து எனக்குப் பின்னால் நின்றான்.

"நீ முன்னாடி போம்மா."

நீ போ என்றேன். அவன் நகரவில்லை. நானும் நகரவில்லை.